எதிர்மனுதாரர்

ஜூலை 4, வியாழன்

இது நாட்குறிப்பு இல்லை. ஆதாரம்.

இருபத்திரண்டு வருஷமாக ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். முதலில் தாலுகா ஆபீஸ் வாசலில். தென்காசி தனி மாவட்டமான பிறகு கலெக்டர் ஆபீஸ் வாசலில். தேதி இல்லாத மனு குப்பைக்குப் போகும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். இப்போது எனக்கே ஒரு மனு தேவைப்படுகிறது. மனுதாரர்: ஆ. பரமகுரு. எதிர்மனுதாரர்: டாக்டர் ஜெயசீலி, மனநல மருத்துவர், திருநெல்வேலி. அந்தப் பொம்பளையைச் சும்மா விடப்போவதில்லை.

நேற்று மத்தியானம் என் மகள் சுடர்க்கொடி, அவள் அம்மாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் ஆய்க்குடி ரோட்டில் பாலத்துக் கட்டைச்சுவரில் மோதினாள். இடது மணிக்கட்டு முறிந்தது. தலை தப்பியது. பார்த்தவர்கள் சொல்கிறார்கள், பிரேக்கே பிடிக்கவில்லையாம். பதினெட்டு வயசுப் பிள்ளை.

கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்ததும் கேட்டேன். "சாகவாட்டி போனே?"

"சாகணும்னு போகலப்பா. நிக்க முடியல. உள்ளுக்குள்ள ஒரு மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு. அதைவிட வேகமாப் போனா நின்னுரும்னு நினைச்சேன்."

இதைச் சொல்லும்போதும் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. எல்லாம் அந்த மாத்திரை செய்த வேலை. இன்று காலையில் கொடுத்ததோடு சரி. இனி ஒன்றுகூடக் கிடையாது. குப்பியை மட்டும் தூக்கிப் போடவில்லை. அது தடயம்.

ஜூலை 6, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். ஒன்றையும் மறைக்கப்போவதில்லை.

மாசி கடைசியிலிருந்து சுடர் படுத்துவிட்டாள். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். கல்லூரிக்குப் போவதில்லை. என் கையெழுத்து மனுக்களை அவள்தான் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவாள், என் எழுத்துப் பிழைக்கு என்னையே கேலி செய்வாள். அதுவும் நின்றது. இரண்டு வாய்ச் சோற்றுக்கு என் மனைவி கோமதி மன்றாட வேண்டியிருந்தது. மனசு டாக்டரிடம் காட்டலாம் என்று சொன்னது கோமதிதான். நான் ஒத்துக்கொள்ள இரண்டு மாதம் ஆயிற்று.

உள்ளூரில் காட்டினால் ஊரே பேசும் என்று திருநெல்வேலிக்குப் போனோம். ஜூன் 15. ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் தெரு ஆள் ஒருவர் போவதுபோல இருந்தது. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பேசிக்கொண்டே போனாள். என் காதில் விழுந்தது, தினம் ஒரு மாத்திரை, காலையில் மட்டும், இரண்டு வாரத்தில் திரும்ப வர வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் ஒரு தாளைக் கொடுத்தாள். தலைப்பில் 'மனநலப் பிரிவு' என்று கொட்டை எழுத்து. படிக்கவில்லை. பஸ்ஸில் ஏறுவதற்குள் எட்டாக மடித்துப் பைக்குள் கார்பன் தாள்களுக்கு நடுவே செருகிவிட்டேன்.

ஜூன் 16 முதல் மாத்திரை. பதினெட்டாம் தேதி உலகம்மை அக்கா சுரண்டையிலிருந்து வந்தாள். ஒவ்வொரு வருஷமும் குற்றாலச் சீசனுக்கு எங்கள் வீட்டில் வந்து ஒன்றரை மாதம் இருப்பாள். விடிந்ததும் டவுன் பஸ் பிடித்து அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு ஒன்பது மணிக்குத்தான் திரும்புவாள். அவள் மகன் நெல்லையப்பன் ஓசூரில் வேலை பார்க்கிறான். சுடர் பிறந்த அன்றைக்கே "இவ எனக்குத்தான்" என்று சொன்னவள் அக்கா. நல்ல நாள் பார்த்து முறைப்படி கேட்பதாக இருக்கிறாள். அவளுக்கு மட்டும் இது தெரியக்கூடாது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். மாத்திரைகளையெல்லாம் எண்ணிப் பார்க்காமலே அட்டையிலிருந்து பிதுக்கி, கோமதி எப்போதோ சாப்பிட்ட சத்து மாத்திரைக் குப்பியில் போட்டேன். அட்டைகளைக் கொளுத்தினேன். ஒளித்து வைத்தால்தானே சந்தேகம் வரும்? அடுக்களை அலமாரியில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தேன். வந்த அன்றே அக்கா கேட்டாள். "பிள்ளைக்குச் சத்து மாத்திரைக்கா" என்றேன். சுடரிடமும் சொல்லிவைத்தேன்: அத்தை என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதே, எது கொடுத்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள். தினமும் காலையில் அக்கா அருவியில் நிற்கும் நேரத்தில் என் கையாலேயே கொடுத்தேன். இந்தச் சாமர்த்தியம் தொழில் கற்றுக்கொடுத்தது.

ஒரு வாரத்தில் பிள்ளை எழுந்துவிட்டாள். பிள்ளையார் கோயிலில் தேங்காய்கூட உடைத்தேன். பிறகுதான் தெரிந்தது, எழுந்தவளால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் புறவாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். பேச்சு மளமளவென்று வந்தது. தூக்கம் போயிற்று. ஜூன் 26 அன்று கண்ணாடி முன்னால் நின்று முடியைக் காதுவரைக்கும் தானே வெட்டிக்கொண்டாள். ஜூன் 29 அன்று கீபோர்டைச் சுவரில் எறிந்தாள். நான் ஒரு எழுத்துப் பிழையைச் சொன்னேன், அதற்கு. என் மகள் ஒரு எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவாள்.

ஒன்று விட்டுப்போயிற்று. முப்பது மாத்திரை ஒரு மாதத்துக்கு வர வேண்டும். ஜூலை 2 காலையில் பார்த்தால் குப்பி காலி. மெடிக்கல்காரன் எண்ணிக்கையில் கை வைத்திருக்கிறான். அன்றைக்கே திருநெல்வேலிக்குப் போய் வேறு கடையில் முப்பது வாங்கிவந்து குப்பியை நிரப்பினேன். அந்த மெடிக்கல்காரன் இரண்டாம் எதிர்மனுதாரர்.

இரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொன்னாள்தான். அக்காவை வீட்டில் வைத்துக்கொண்டு எப்படிப் போவது?

ஜூலை 7, ஞாயிறு

மாத்திரை இல்லை. மூன்றாம் நாள். கால் இன்னும் ஆடுகிறது. தோசைக்கு ஆட்டினேன், கோமதிக்கு ஜவுளிக்கடையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

ஜூலை 8, திங்கள்

குறைதீர்க்கும் நாள். சாரலில் மேசை நனைந்தது. பதினான்கு மனு எழுதினேன்.

கீழப்பாவூர்க்காரர் ஒருவர், பக்கத்துத் தோட்டக்காரன் வரப்பை வெட்டிவிட்டான் என்று வந்தார். எல்லாரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டேன். "ஒம்ம பக்கம் தப்பு ஏதும் இருக்கா வே? இருந்தா இப்பமே எங்கிட்டச் சொல்லிரும். எதிராளி கண்டுபிடிச்சா மனு செத்துரும்." மனிதர் நெளிந்தார். போன வருஷம் அவரும் ஒரு முழம் வெட்டியிருக்கிறார். கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் இந்தக் கேள்விக்குத் தப்பியவர் கொஞ்சம் பேர்தான்.

எழுதும்போதெல்லாம் அந்த டாக்டரின் முகம்தான். விசாரணை நாளில் அவள் எழுந்து நிற்க வேண்டும். நான் தேதி தேதியாகப் படிக்க வேண்டும். "இன்ன தேதியில் என் மகள் முடியை வெட்டிக்கொண்டாள். இன்ன தேதியில் சுவரில் மோதினாள். இதற்கு என்ன பதில்?" அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். நான் எழுதிய மனுவால் சீட்டைவிட்டு மாறிப் போன அதிகாரிகள் உண்டு. இவள் எம்மாத்திரம்.

ஜூலை 11, வியாழன்

சுடர் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கால் ஆடவில்லை. நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.

ஜூலை 12, வெள்ளி

இன்று மத்தியானம் தூங்கினாள். கோமதி கதவோரம் நின்று பார்த்துவிட்டு அழுதாள்.

ஜூலை 15, திங்கள்

தானாகவே வந்து, "அப்பா, அடிக்க ஏதும் இருக்கா?" என்று கேட்டாள். வரப்புத் தகராறு மனு ஒன்றைக் கொடுத்தேன். புது கீபோர்டில் ஒரு கையால் அடித்தாள். 'அனுபவ பாத்தியதை'யில் நான் விட்ட துணைக்காலைக் காட்டிச் சிரித்தாள். நான்கு மாதமாகிவிட்டது அந்தச் சிரிப்பைக் கேட்டு.

மருந்தை நிறுத்திய பதினோராம் நாள். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? மருந்து கொடுத்தேன், கெட்டாள். நிறுத்தினேன், தேறினாள். மனுவின் உயிர்நாடி இந்த ஒரு வரிதான். அந்தப் பொம்பளை பல் பிடுங்கின பாம்பாக நிற்கப்போகிறாள்.

அக்காவுக்கும் சந்தோஷம். "எல்லாம் என் கவனிப்பு. நீங்க ரெண்டு பேரும் வேலை வேலைன்னு போயிருதிய. நான் வந்து பொறவுதான் பிள்ளை முகத்துல ஒரு தெளிச்சி" என்றாள். சொல்லிக்கொள்ளட்டும்.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் தேதி. கோமதி பாயசம் வைத்தாள். வைத்துவிட்டு வாயைத் திறந்தாள். "நிறுத்துனது நிறுத்திட்டிய. டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"எதிராளிகிட்ட போய் யோசனை கேக்கச் சொல்லுதியா?"

"அவிய எதிராளின்னு யாரு சொன்னா?"

எழுந்து போய்விட்டேன். பாயசம் சாப்பிடவில்லை. பெண்களுக்குப் பகை என்றால் என்ன என்று தெரிவதில்லை.

ஜூலை 19, வெள்ளி

மனு நான்கு பக்கம் வந்திருக்கிறது. கலெக்டருக்கு ஒன்று, மருத்துவத் துறைக்கு ஒன்று, முதல்வர் தனிப்பிரிவுக்கு ஒன்று. திங்கட்கிழமை கொடுத்துவிடுவேன். இணைப்பு: இந்த நோட்டின் நகல், மாத்திரைக் குப்பி. மிச்ச மாத்திரையின் எண்ணிக்கையை நாளை எண்ணிப் போட வேண்டும்.

ஜூலை 20, சனி

ஜூலை 2 வாங்கியது முப்பது. மூன்றாம் தேதி காலை ஒன்று, நான்காம் தேதி காலை ஒன்று. மிச்சம் இருபத்தெட்டு இருக்க வேண்டும்.

பத்துதான் இருக்கிறது.

மூன்று தடவை எண்ணினேன். ஒன்று கை தவறிக் கீழே விழுந்தது. அதையும் தேடி எடுத்து எண்ணினேன். பத்து.

முதலில் என்ன நினைத்தேன் என்பதை எழுத என் பேனா போகவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். பிள்ளை எங்கேயோ சேர்த்து வைக்கிறாள் என்று நினைத்தேன். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துத் தலையணையைக் கிழிக்காத குறையாகத் தேடினேன். புத்தகப் பை, அலமாரி, மெத்தைக்கு அடி. ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"என்னப்பா தேடுதிய?"

"மாத்திரையை என்னட்டி செஞ்ச? பதினெட்டு குறையுது. நெசத்தைச் சொல்லு, நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்."

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "அதான் தெனமும் சாயங்காலம் அத்தை குடுக்காவளே. பூஸ்ட் கூட."

"என்னைக்கு இருந்து?"

"வந்த அன்னைக்கு இருந்து. மொதல்ல காலையில நீங்க, சாயங்காலம் அவிய. பொறவு நீங்க நிறுத்திட்டிய. சரி, டாக்டரம்மா காலையில உள்ளதைக் கொறைச்சிருக்காவ போலன்னு நினைச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாட்டி?"

"நீங்கதான சொன்னிய. அத்தைகிட்ட வாயைத் திறக்காத, எது குடுத்தாலும் மறுக்காம வாங்கிக்கோன்னு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் சொன்னதை எனக்கே திருப்பிப் படித்துக் காட்டுவதுபோலச் சொன்னாள்.

அப்படியானால் ஜூன் 18 முதல் தினமும் இரண்டு. கட்டைச்சுவரில் மோதிய அன்றும் இரண்டு. நான் நிறுத்திவிட்டேன் என்று மார்தட்டிய நாளிலிருந்து ஒன்று. டாக்டர் சொன்ன அதே ஒன்று. என் மகள் மாத்திரையை விட்டுத் தேறவில்லை. சரியான அளவில் சாப்பிட்டுத் தேறியிருக்கிறாள், அதுவும் விஷயமே தெரியாத என் அக்காவின் கையால். மெடிக்கல்காரன் ஒரு மாத்திரையும் குறைக்கவில்லை.

பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். கார்பன் கறை ஏறியிருந்தது. படிக்க முடிந்தது. முதல் வாரங்களில் இளவயதினரைப் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும். இருப்புக்கொள்ளாமை, தூக்கமின்மை, திடீர்க் கோபம், துணிச்சலான செயல்கள், உயிரை மாய்க்கும் எண்ணம் தென்பட்டால் அன்றே அழைக்க வேண்டும். ஒரு போன் நம்பர். அளவைத் தாங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. கடைசி வரி: 'தினமும் கவனித்ததைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை எடுத்து வரவும்.'

ஊரார் கொண்டுவரும் தாளையெல்லாம் வரி விடாமல் படிப்பவன் நான்.

ஜூலை 21, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். நானாகச் சொல்லவில்லை. சுடர்தான் காலையில், அக்கா ஈரச் சேலையோடு அருவியிலிருந்து வந்ததும், "அத்தை, அது சத்து மாத்திரை இல்லை" என்று ஆரம்பித்துவிட்டாள். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதாயிற்று.

அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஸ்கூட்டரில் போன அன்றைக்கும், கட்டோடு வந்த பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று ஊட்டியிருக்கிறாள்.

"ஏல, என் கையாலயா? என் கையால குடுக்க வச்சியா?"

"ஒனக்குத் தெரிஞ்சா சம்பந்தம் கெட்டுப்போகும்னு..."

"பிள்ளைக்கு மனசு சரியில்லைன்னா நான் வேண்டாம்னு போயிருவேன்னு நினைச்சியா? இந்த ஆவணியில கேக்கணும்னுதான் இருந்தேன். இப்ப கேக்க மாட்டேன். அவளுக்கு நோவுன்னு இல்ல. நாளைக்கு என் வீட்டுலயும் நீ எந்தக் குப்பியில என்னத்தைப் போட்டு வைப்பியோ, அதை எவன் கண்டான்?"

துணியைச் சுருட்டிப் பையில் வைத்தாள். போகும்போது சுடரின் வெட்டிய முடியைத் தடவி, கன்னத்தில் முத்தமிட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சீசன் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

கோமதி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மிச்சம் இருந்த மாவில் தோசை சுட்டு மூன்று தட்டில் வைத்தாள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 22, திங்கள்

குறைதீர்க்கும் நாள். மேசை போடவில்லை. மூவரும் திருநெல்வேலிக்குப் போனோம். முகத்தை மூடவில்லை.

டாக்டர் ஜெயசீலி கட்டுப் போட்ட கையையும் முடியையும் பார்த்தார். அதட்டவில்லை. "நோட்டு எழுதினீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் நோட்டு இருந்தது. அவர் கேட்டபடியே, தேதி போட்டு. 'அந்தப் பொம்பளை' என்றும் 'பல் பிடுங்கின பாம்பு' என்றும் எழுதிய நோட்டு. கொடுக்காமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு மேசையில் வைத்தேன். அவர் முதல் வரியிலிருந்து படித்தார். பாம்பு வந்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். நான் இந்தக் காட்சிக்காகத்தானே இரண்டு வாரம் காத்திருந்தேன். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

முடித்துவிட்டுச் சொன்னார். "சரியான அளவுலயே இந்த வயசுப் பிள்ளைங்க சிலருக்கு இப்படி ஆகும். அதுக்குத்தான் ரெண்டு வாரத்துல வரச் சொன்னேன். உடனே வந்திருந்தா அன்னைக்கே பிடிச்சிருக்கலாம். உங்க பிள்ளை ரெட்டை அளவைத் தாங்கியிருக்கா. கை மட்டும் போச்சேன்னு நினைச்சுக்கோங்க. நீங்க அன்னைக்கு வாசலையே பார்த்துட்டு இருந்தீங்க. நானும் உங்க முகத்தை என் பக்கம் திரும்ப வச்சுச் சொல்லியிருக்கணும்."

பிறகு ஜூலை 15-ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்து பேனாவை என் பக்கம் நீட்டினார். "இது தப்பான பதிவு. பின்னாடி யாராவது பார்த்து மருந்தை நிறுத்திரக்கூடாது. நீங்களே திருத்துங்க."

'நிறுத்தினேன், தேறினாள்' என்பதை அடித்தேன். மேலே எழுதினேன்: 'நிறுத்தவில்லை. எனக்குத் தெரியவில்லை.' கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

இனி மாத்திரை அட்டையோடு சுடர் கையிலேயே இருக்கும். குப்பியை அங்கேயே குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்தோம். நான்கு பக்க மனு பைக்குள் இருக்கிறது. கொடுக்க மாட்டேன். கிழிக்கவும் மனசு வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் சுடர் என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி ஆலங்குளம் தாண்டியது. அவள் கால் அசையாமல் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"அப்பா மேல கோவமாட்டி?" என்று கேட்டேன்.

"ஆமா."

"ரொம்பவா?"

"ரொம்ப. முடியை நான் வெட்டல, சுவர்ல நான் மோதல, அதெல்லாம் நான் இல்லைன்னு எல்லாருக்கும் தெரியணும். ஆனா நீங்க என்னை ஒளிச்சு வச்சதுதான் எனக்கு ஆறல." என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். "இது மாத்திரையில வந்த கோவம் இல்லப்பா. இது என் கோவம்."

நான் தலையாட்டினேன்.

"தேதி போட்டு எழுதிக்கோங்க" என்றாள்.

எழுதிவிட்டேன்.